காதை மூடினோம், கையை மறந்தோம்

மார்கழி பிறந்துவிட்டால் சக்குபள்ளத்திலும் அணக்கரையிலும் விடியற்காலை டீக்கடை வாசலில் ஒரே காட்சிதான். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குபவரின் கழுத்தைச் சுற்றி மப்ளர், தலையில் காதை மூடிய கம்பளிக் குல்லாய், உடம்பில் ஸ்வெட்டர். கைகள் மட்டும் வெறும் கைகள். டீ கிளாஸை வாங்கியதும் குடிப்பதில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பொத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். விரல் மடங்கிய பிறகுதான் முதல் மடக்கு.

காது வழியாகத்தான் குளிர் உடம்பில் ஏறும் என்பது நம் பெரியவர்களின் தீர்ப்பு. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களை நம்பி மலையேறிய நம் குடும்பங்கள், அந்தத் தீர்ப்பையும் கையோடு கொண்டு வந்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது நடந்தும் மாட்டு வண்டியிலும் போன காலத்துப் புத்தி. இன்று நம் பிள்ளைகள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் போகிறார்கள். கம்பம்மெட்டு வழியாகக் கீழே இறங்குகிறார்கள். அந்த வேகத்தில் காற்று முதலில் அடிப்பது ஹேண்டிலைப் பிடித்திருக்கும் விரல்களின் மேல்தான். காது விறைத்தால் வலிக்கும், அவ்வளவே. விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது. இந்த வித்தியாசத்தை நாம் இன்னும் மனத்தில் வாங்கவில்லை என்பதே என் வருத்தம்.

கணக்குப் பார்ப்போம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நம் மலை பல நூறு மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும் என்பது பொது விதி. ஊருக்குப் போனவர் அங்கே அரைக்கைச் சட்டையோடு கிளம்பி, மேலே வரும்போது நடுங்குவது இதனால்தான். இதோடு காற்று சேர்ந்தால் குளிர் இன்னும் கூடும். 1940களில் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரு அமெரிக்கர்கள் அண்டார்டிகாவில் தண்ணீர் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, காற்றின் வேகம் குளிரை எவ்வளவு கூட்டுகிறது என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவும் கனடாவும் 2001ஆம் ஆண்டு திருத்திய சூத்திரத்தின்படி, 10 டிகிரி குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது 6 டிகிரி போல இருக்கும். 5 டிகிரி என்றால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். 2019 ஜனவரியில் மூணாறு பகுதியில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கித் தேயிலைச் செடிகளின் மேல் உறைபனி படிந்ததே, அதைப்போன்ற விடியற்காலையில் வண்டியில் போகிறவர் கையை நினைத்துப் பாருங்கள்.

அதோடு நம் மலையில் ஐப்பசி, கார்த்திகை மூடுபனியும் தூறலும் உண்டு. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். நனைந்த கை, காய்ந்த கையைவிட வெகு சீக்கிரம் விறைப்பதற்கு அதுவே காரணம்.

உடம்பின் போக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால், உள் உறுப்புகளைக் காப்பதற்காக உடம்பு விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே கையுறை போட்டும் விரல் விறைக்கிறது என்றால் குற்றம் பெரும்பாலும் மார்பில் இருக்கும். சட்டைக்குள் நெஞ்சின் மேல் பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வது பழைய வழக்கம். காற்றை நன்றாகத் தடுக்கும். புகைபிடித்தால் விரல் ரத்தக் குழாய் இன்னும் சுருங்கும். குளிருக்காகக் குடிப்பது அதைவிட மோசம். சூடு ஏறியதுபோல் தோன்றினாலும் உடம்பு சூட்டை இழக்கும், வண்டி ஓட்டுகிற நிதானமும் போகும்.

என் வீட்டுச் சம்பவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாத விடியலில் மகளைப் பின்னால் உட்காரவைத்துக் கம்பத்துக்கு இறங்கினேன். மெட்டு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை இழுக்க வேண்டும் என்று மனம் சொன்னது, விரல் கேட்கவில்லை. எப்படியோ வண்டியை ஓரம் தள்ளி விழுந்தோம். சிராய்ப்போடு போயிற்று. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். அரை நொடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர், அதாவது நல்ல காரின் நீளத்துக்கும் மேல் தூரம். அந்தத் தூரத்தில் ஒரு மாடு மட்டுமல்ல, ஒரு பள்ளமும் இருக்கலாம்.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள், முக்கியமாக நம் வீட்டுப் பெண்கள், இதைக் கேட்கவேண்டும். மோட்டார் சைக்கிளில் பின் பிரேக்காவது காலில் இருக்கிறது. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புது வண்டிகளுக்குக் கூட்டு பிரேக்கோ ஏ.பி.எஸ்.ஸோ கட்டாயம் என்றானது நல்லதே. ஆனால் எந்தக் கருவியும் விரல் இழுத்த பிறகுதான் வேலை செய்யும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. கையுறையைப் பற்றிப் பேசவில்லை. சட்டம் பேசாததை நாம்தான் பேச வேண்டும். கம்பளிக் குல்லாய் தலைக்கவசம் ஆகாது என்பதையும் கூடவே சொல்லி வைக்கிறேன்.

“கையுறை போட்டால் கிளட்ச் தெரியாது” என்று சிலர் சொல்வார்கள். மெத்தை போன்ற கையுறையானால் அது உண்மைதான். வெறும் கம்பளிக் கையுறையில் காற்று உள்ளே புகுந்துவிடும் என்பதும் உண்மை. காற்றுப் புகாத தோல் அல்லது ரெக்சின் மேலுறை, உள்ளே மெல்லிய துணி அல்லது கம்பளி, விரல் நுனியில் சற்று இடம் - இவ்வளவு போதும். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டத்தைத் தடுத்து எதிர்ப்பலன் தரும். மழைக்காலத்தில் வண்டிப் பெட்டியில் இன்னொரு ஜோடி இருக்கட்டும். இன்னும் மலிவான வழி ஹேண்டில் உறை: கைப்பிடியையும் பிரேக் லீவரையும் சேர்த்து மூடும் பை. வட இந்தியாவில் பனிக்காலத்தில் ஸ்கூட்டர்களில் இதைப் பார்க்கலாம். கொரியாவிலும் சீனாவிலும் வண்டிக்காரர்கள் சாதாரணமாக மாட்டிக்கொள்கிறார்கள். நம்மூரில் ரெக்சின் சீட் தைப்பவர் இதைத் தைத்துத் தர முடியும். லீவர் சிக்காமல் முழுதாக அசைகிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

விறைத்த கையைச் சைலன்ஸரில் வைத்துச் சூடேற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பின்தான் தெரியும். வண்டியை நிறுத்தி, கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான நீரில் நனைக்கலாம். விரல் வெளுத்து, நீலம் பாய்ந்து அடிக்கடி மரத்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பின்னால் உட்காரும் குழந்தையின் கையையும் மறக்காதீர்கள். நம்மைப் பிடித்திருப்பது அந்தச் சிறு விரல்கள்தான்; மரத்தால் பிடி நழுவும்.

பத்து நாள் குளிருக்கு எதற்குச் செலவு என்பார்கள். வண்டியின் டாங்க்கை ஒருமுறை நிரப்பும் பணத்தில் ஒரு ஜோடி கையுறை வாங்கிவிடலாம், அது பல பனிக்காலம் உழைக்கும். ஊரிலிருந்து வரும் உறவினருக்கு ஏலக்காய்ப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். அடுத்த பொங்கலுக்கு வண்டி ஓட்டும் பிள்ளைக்கு வேட்டியோடு ஒரு ஜோடி கையுறையும் எடுத்துக் கொடுப்போமே! நமது சங்க விளையாட்டு விழாவில் இளைஞர்களுக்கு ஆண்டுதோறும் தரும் எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பதிலாக இதைப் பரிசாக வைக்கலாம் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அலமாரியில் தூங்கும் பாத்திரத்தைவிட, ஒரு விடியற்காலையில் ஒரு பிரேக் சரியாகப் பிடித்தால் அந்தப் பரிசின் பெருமை பெரிது.