ஞாயித்துக்கிழமை ஆர்டருக்குப் பதிலா மாம்பழச் சிக்கன் சாலட்: உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?



போன வீடியோல கோடைக்கால பட்ஜெட் பத்திப் பேசும்போது, "வாரத்துல ஒரு நாள் வெளியில ஆர்டர் பண்றதுக்குப் பதிலா பழம் போட்ட சிக்கன் சாலட் பண்ணிப் பாருங்க"ன்னு ஒரே ஒரு வரி சொல்லியிருந்தேன். மியூச்சுவல் ஃபண்ட் பத்திப் பேசினதுக்கு வராத கமெண்ட் இதுக்கு வந்துச்சு. பாதிப் பேர் ரெசிபி கேட்டாங்க. மீதிப் பேர், "சார், சிக்கன் விக்கிற விலையில சாலட்டா? இதெல்லாம் பணக்காரங்க சாப்பாடு"ன்னு சொன்னாங்க. ரெண்டு கேள்விக்கும் சேர்த்து இந்தப் பதிவு. நான் சமையல்காரன் இல்ல, ஆடிட்டர். அதனால கணக்கு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும்.

முதல்ல என் கருத்தைச் சொல்லிடறேன். இந்தச் சாலட் பணத்தை மிச்சப்படுத்துமான்னு கேட்டா, எந்தச் சாப்பாட்டை எடுத்துட்டு அந்த இடத்துல இதை வைக்கறீங்கன்னு நான் திருப்பிக் கேட்பேன். காஸ்டிங் பாடத்துல இதை ரெலவன்ட் காஸ்ட்னு சொல்லுவோம். ஒரு பொருளோட விலை மட்டும் தெரிஞ்சா போதாது, அது எதுக்கு மாற்றா வருதுன்னு தெரியணும். சாதம், ரசம், ஆம்லெட்னு நாலு பேருக்கு 150 ரூபாய்ல முடியற ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலா இதைச் செஞ்சீங்கன்னா உங்களுக்கு நஷ்டம்தான். "ஹெல்த்தி"ன்னு பேர் வெச்சாலும் அது கூடுதல் செலவு. ஆனா போனை எடுத்து ஆர்டர் பண்ணப் போற அந்த ராத்திரிக்குப் பதிலா செஞ்சீங்கன்னா கதையே வேற.

அந்த ராத்திரி ஏன் வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம கள்ளிக்குப்பம் பக்கம் முக்கால்வாசி வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற வீடு. பகல் முழுக்க காய்ஞ்ச தளம் ராத்திரி எட்டு மணிக்கும் சூடு கக்கும். எஸ்டேட்ல ஷிஃப்ட் முடிச்சு ஒருத்தர் வராரு, இன்னொருத்தர் டிரெயின்ல நசுங்கி வராங்க. அக்னி நட்சத்திரத்துல அடுப்பு முன்னாடி முக்கால் மணி நேரம் நிக்க யாருக்குங்க தெம்பு இருக்கும்? சம்மர்ல ஆர்டர் கூடறதுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு சொல்ற ஃபைனான்ஸ் வீடியோக்கள் மேல எனக்குக் கோவமே உண்டு. காரணம் சமையலறைச் சூடு. அதனால அதுக்குப் பதிலா வர்ற சாப்பாடு, களைச்சுப் போன ஒரு ஆள் அடுப்பைத் தொடாம பத்து நிமிஷத்துல தட்டுல வைக்கக் கூடியதா இருக்கணும். இல்லைன்னா ரெண்டு வாரம் செஞ்சுட்டு மூணாவது வாரம் ஆப் பக்கமே போயிடுவோம்.

சரி, கணக்குக்கு வருவோம். ரேட் எல்லாம் ஒரு உதாரணத்துக்குத்தான், உங்க கடை ரேட்டைப் போட்டுக்கோங்க. போன்லெஸ் சிக்கன் அரை கிலோ, கிலோ 380ன்னா 190 ரூபாய். நடுத்தர சைஸ் பங்கனபள்ளி ஒண்ணு, 400 கிராம், 32 ரூபாய். வெள்ளரிக்காய் ரெண்டு, 15. விதையில்லாத திராட்சை 150 கிராம், 15. வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை 15. பாக்கெட் தயிர் 20. மிளகு, கடுகு, தேன் எல்லாம் சேர்த்து 15. ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை 10, கேஸ் 5. மொத்தம் 317 ரூபாய், நாலு தட்டு. கூட பிரெட்டோ சப்பாத்தியோ 40 ரூபாய்க்கு வெச்சா சுமார் 360. தட்டுக்கு 90 ரூபாய். அந்தத் தட்டுல வெந்த சிக்கனே 90 கிராம் இருக்கும், அதாவது 25 கிராமுக்கு மேல புரதம்.

"போன்லெஸ்ஸா? கறி கட் 260தானே"ன்னு கேட்பீங்க. இந்த இடத்துலதான் ஈல்டு பார்க்கணும். எங்க வீட்டுத் தராசுல போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ கறி கட் வேகவெச்சு எலும்பை எடுத்தா கையில நிக்கறது ஏறக்குறைய 500 கிராம் கறி. போன்லெஸ் ஒரு கிலோ வெந்தா 720 கிராம். அப்படின்னா தின்னக்கூடிய 100 கிராம் கறிக்கு முதல்ல சொன்னது 52 ரூபாய், ரெண்டாவது 53 ரூபாய். ஒரு ரூபாய்தான் வித்தியாசம்! எலும்புல சூப் வைக்கிற வீடா இருந்தா கறி கட் வாங்குங்க, இல்லைன்னா போன்லெஸ் ஆடம்பரம் இல்ல. கிலோ ரேட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கறது, ஃபண்டோட யூனிட் விலை கம்மியா இருக்குன்னு வாங்கற மாதிரி.

பழத்துக்கும் இதே கணக்குதான். பங்கனபள்ளியில தோலும் கொட்டையும் போனா மூணுல ரெண்டு பங்கு மிஞ்சும். மாதுளைல முத்துக்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல, அதனால விலை ரெட்டிப்பா ஆயிடும். திராட்சைலயும் கொய்யாவுலயும் கழிவே இல்ல. கொய்யாவை சாலட்ல யாரும் மதிக்கறதில்ல. லேசா காயா இருக்கற கொய்யாவைச் சின்னதா நறுக்கி மிளகு தூவிச் சிக்கனோட போட்டா, இறக்குமதி ஆப்பிள் கிட்டவே வர முடியாது. தர்பூசணி மட்டும் வேண்டாம். உப்பு பட்டதும் தண்ணி விட்டு சாலட் ரசமாயிடும், தனியா வெட்டி வெச்சுச் சாப்பிடுங்க. பழத்துக்காகக் கோயம்பேடு போறேன்னு கிளம்பாதீங்க. ரெண்டு கிலோ பழத்துக்கு ஆகற பெட்ரோலுக்கு செங்குன்றம் ரோட்டுத் தள்ளுவண்டிலயே வாங்கிடலாம். கார்பைட் கல் வெச்சுப் பழுக்க வைக்கறதுக்குச் சட்டப்படி தடை இருக்கு, எத்திலீன் வாயுவை மட்டும் அளவோட அனுமதிக்கறாங்க. அதனால சீசனுக்கு முன்னாடியே மஞ்சளா மின்னுற மாம்பழத்துக்கு அவசரப்படாதீங்க.

இப்போ ஆப் பில். சாப்பாடு 800 ரூபாய், பேக்கிங் 30. இது ரெண்டுக்கும் 5% ஜிஎஸ்டி, 41.50. டெலிவரி 35, பிளாட்ஃபார்ம் கட்டணம் 15. இந்த 50 ரூபாய்க்கு 18%, அதாவது 9 ரூபாய். மொத்தம் 930 ரூபாய் சொச்சம். 2022 ஜனவரி 1-லருந்து ஹோட்டல் சாப்பாட்டுக்கான ஜிஎஸ்டியை பிரிவு 9(5)-ன் கீழ ஆப் கம்பெனியே வசூலிச்சுக் கட்டுது. 2025 செப்டம்பர் 22-லருந்து ஆப் வழியா நடக்கற டெலிவரி சேவையும் அந்தப் பிரிவுக்குள்ள வந்துடுச்சு, அதுக்கு 18%. இந்தப் பக்கம் பச்சைக் கோழிக்கறிக்கும் பழத்துக்கும் காய்க்கும் ஜிஎஸ்டி கிடையாது. பாக்கெட் தயிருக்கு 5%. வரியை மிச்சம் பிடிக்க சாலட் சாப்பிடுங்கன்னு நான் சொல்லல, வித்தியாசம் எங்கே இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்.

930-லருந்து 360 போனா 570 ரூபாய். ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல எட்டு ஞாயிறுன்னு வெச்சா 4,560. இதை முப்பது வருஷம் எஸ்ஐபி போட்டா எத்தனை லட்சம்னு கேல்குலேட்டர் காட்டற வேலையை நான் செய்ய மாட்டேன். யாரும் சாலட்ல மிச்சமான காசை முப்பது வருஷம் எஸ்ஐபி போடறதில்ல. ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கும்போது நோட்டு, யூனிஃபார்ம், வேன் ஃபீஸ்னு வரிசையா வரும்ல, அதுல ஒண்ணைக் கிரெடிட் கார்டுல தேய்க்காமக் கட்டலாம். அந்த அளவுக்குத்தான் இந்தக் கணக்கு. அதுவே பெரிய விஷயம்னு மாசம் 36,000 வாங்கற வீட்டுக்குத் தெரியும்.

ஆனா இந்த 570 ரூபாய்ல ஒரு ஓட்டை இருக்கு. ஆப் பில்லுல சமையல்காரர் சம்பளம் அடக்கம். நம்ம 360-ல அந்த வரி பூஜ்யம். வீட்டுல ஒருத்தர் தலையில வேலையைக் கட்டிட்டு "மிச்சம்"னு எழுதினா, அது செலவை வேற பேருக்கு மாத்தி எழுதறது. 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யறவங்கள்ல பெண்கள் சராசரியா ஒரு நாளைக்கு 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவழிக்கறதா வந்துச்சு. 2021 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்குல, இல்லத்தரசியோட உழைப்புக்கு ஒரு வருமானம் கணக்கிடணும்னு சொல்லும்போது இதே எண்களை எடுத்துக் காட்டுச்சு. கோர்ட் கணக்குல வர்ற உழைப்பு நம்ம வீட்டு பட்ஜெட்ல வராதா? "சேமிப்பு சேமிப்பு"ன்னு பேசற ஆண்கள், சிக்கனை வேகவைக்கறதையும் பாத்திரம் கழுவறதையும் தாங்களே எடுத்துக்கிட்டா அந்த 570 உண்மையான 570. நீங்க சோபாவுல உக்காந்து பட்ஜெட் ஷீட் பார்க்க, அவங்க வேர்வையில நின்னா, அது மிச்சமே இல்ல. ரெண்டு பேருக்கும் முடியலைன்னா தயங்காம ஆர்டர் பண்ணுங்க. 930 ரூபாய்க்கு ஒரு குடும்பம் நிம்மதியாத் தூங்குதுன்னா அதுவும் நியாயமான செலவுதான்.

இந்த டிஷ் அந்தச் சோதனைல பாஸ் ஆகறதுக்குக் காரணம், அடுப்பு வேலை மொத்தமே இருபது நிமிஷத்துக்குள்ள முடியும், அதையும் வெயில் ஏறறதுக்கு முன்னாடி காலையில முடிச்சுடலாம். சிக்கன் மூழ்கற அளவு தண்ணி, உப்பு, நசுக்கின பூண்டு, இஞ்சி, மிளகு. கொதி வந்ததும் தீயைக் குறைச்சு 12 நிமிஷம். அடுப்பை அணைச்சு மூடி 10 நிமிஷம் அப்படியே விடுங்க. தடிமனான துண்டை வெட்டிப் பாருங்க, நடுவுல ரோஸ் நிறம் இருக்கக் கூடாது. கையால பிச்சு, டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. வெந்த தண்ணியைக் கொட்டிடாதீங்க, மதியம் ரசத்துக்கு அதைவிட நல்ல தண்ணி கிடையாது. தயிரைத் துணியில வடிகட்டி அதையும் உள்ள வைங்க. ராத்திரி வந்து பழம், வெள்ளரி, வெங்காயம் நறுக்கி, தயிர்ல மிளகு, பொடிச்ச கடுகு, தேன், எலுமிச்சை கலந்து, எல்லாத்தையும் புரட்டி மேல வேர்க்கடலை. சாப்பிட உக்காரும்போதுதான் கலக்கணும். முன்னாடியே கலந்தா பழம் தண்ணி விடும். அன்னாசிப்பழம் போட ஆசைன்னா இதுல இன்னும் கவனம் வேணும். பச்சை அன்னாசில இருக்கற புரோமலின் என்சைம் புரதத்தை உடைக்கும். சிக்கன் கொழகொழன்னு ஆகும், தயிர் கசக்கும். ரெண்டு நிமிஷம் வாணலில சுட வெச்சுட்டா அந்தப் பிரச்னை இல்ல.

மயோனைஸ் ஏன் சொல்லலைன்னு கேட்பீங்க. பச்சை முட்டையில செய்யற மயோனைஸைத் தயாரிக்க, சேமிக்க, விக்க 2025 ஏப்ரல் 8-லருந்து ஒரு வருஷத்துக்குத் தமிழக அரசு தடை போட்டுச்சு. சால்மோனெல்லா மாதிரி கிருமிகளோட ஆபத்துதான் காரணம். தடை இருக்கோ இல்லையோ, சென்னை மே மாசத்துல பச்சை முட்டை மயோனைஸ் எனக்கு வேண்டவே வேண்டாம். கட்டாயம் வேணும்னா லேபிள் படிச்சு முட்டையில்லாததா வாங்குங்க. வெந்த சிக்கனை வெளியில வைக்கற நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. 32 டிகிரிக்கு மேல வெயில் இருந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியில விடாதீங்கன்னு அமெரிக்க விவசாயத் துறை சொல்லுது. நம்ம ஊர்ல ஏப்ரல்ல ராத்திரி கூட அந்த ஒரு மணி நேரத்தையே எடுத்துக்கறது நல்லது. பகல்ல கரண்ட் பல மணி நேரம் போயிருந்தா அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுடுங்க. 190 ரூபாயைக் காப்பாத்தப் போய் ரெண்டு நாள் லீவும் கிளினிக் பில்லும் வாங்கறதுக்குப் பேர் சிக்கனம் இல்ல.

கடைசியா அந்தப் "பணக்காரங்க சாப்பாடு" கமெண்டுக்கு. 1953-ல எலிசபெத் ராணி முடிசூட்டு விழா விருந்துக்காக லண்டன்ல ஒரு குளிர்ந்த சிக்கன் டிஷ் உருவாக்கினாங்க, கரோனேஷன் சிக்கன்னு பேரு. அதுல ருசிக்குப் போட்டது ஆப்ரிகாட் பழக் கூழும் நம்ம ஊர் ஞாபகத்துல செஞ்ச கறிப் பொடியும். அவங்க நம்ம மசாலாவைக் கடன் வாங்கி ராஜ விருந்து ஆக்கினாங்க. நாம ஆலிவ் ஆயில், அவகாடோ, லெட்யூஸ், ப்ளூபெர்ரின்னு அவங்க லிஸ்ட்டைக் கடன் வாங்கிட்டு விலை ஜாஸ்தின்னு புலம்பறோம். அந்த லிஸ்ட்டோட சூப்பர் மார்க்கெட் போனீங்கன்னா நாலு தட்டு சாலட் ஆப் பில்லைத் தாண்டிடும். அதோட பாதி லெட்யூஸ் வியாழக்கிழமை ஃப்ரிட்ஜ்ல அழுகிக் கிடக்கும். தள்ளுவண்டில இன்னிக்கு என்ன பழம் மலிவோ அதுதான் இன்னிக்கு சாலட் பழம். மாம்பழம் ஜூலைல முடிஞ்சா கொய்யா, அதுவும் இல்லைன்னா பப்பாளி. பப்பாளி காயா இருந்தா அன்னாசிக்குச் சொன்ன அதே எச்சரிக்கை, நல்லாப் பழுத்ததா எடுங்க.

இந்த ஞாயிறு செஞ்சு பார்த்துட்டு, உங்க கடை ரேட்ல தட்டுக்கு எவ்வளவு ஆச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. கூடவே யார் பாத்திரம் கழுவினாங்கன்னும் போடணும்.