திருத்தவேண்டிய பிழையும் விட்டுவிடக்கூடிய பிழையும்

பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள் செய்யும் பழக்கமுள்ளவர்களின் வீடுகளில், கண்ணாடி அலுமாரியில் அடுக்கிய விமானங்களுக்கு நிகரான எண்ணிக்கையில், பாதியில் விடப்பட்டவை கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் கிடப்பதை அவதானித்திருக்கிறேன். ஒன்றுக்கு இறக்கை பொருத்தப்படவில்லை. இன்னொன்றுக்கு வர்ணம் பூசப்படவில்லை. காரணம் கேட்டால் நேரமில்லை என்பார்கள். எனது அபிப்பிராயம் வேறு. எந்தப் பிழையைத் திருத்துவது, எந்தப் பிழையை அப்படியே விட்டுவிடுவது என்று தீர்மானிக்க முடியாமற் போவதால்தான் பெரும்பாலான விமானங்கள் பாதியில் நிற்கின்றன.

இந்தப் பொழுதுபோக்கை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். விமானத்தின் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியபடி ஒரு பெட்டிக்குள் வரும். அவற்றை வெட்டியெடுத்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். பரவலாக வழங்கும் அளவுகளில் ஒன்று 1/72. ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரத்துக்கு வருவான் என்ற எளிய கணக்கே அதன் அடிப்படை. பிரித்தானியாவின் ஃபுரொக் நிறுவனம் 1936இல் 'பென்குயின்' என்ற பெயரில் பிளாஸ்டிக் விமானங்களை வெளியிட்டபோது இந்த அளவையே கைக்கொண்டது. பின்னர் ஏர்ஃபிக்ஸ் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. இந்த அளவில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிஜ விமானத்தில் ஏழு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். இக்கணக்கை மனதில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

உதாரணத்துக்குக் கற்றலினா விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் கொன்சொலிடேற்றட் நிறுவனம் வடிவமைத்து 1935இல் முதன்முதலாகப் பறந்த இந்தக் கடல் விமானம், இலங்கை வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது. காலிக்குக் கிழக்கேயுள்ள கொக்கல, இரண்டாம் உலகப் போரின்போது கடல் விமானங்களின் தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி அங்கிருந்து சென்ற, கனேடிய விமானப்படையின் 413ஆவது அணியைச் சேர்ந்த கற்றலினா ஒன்று, இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் அட்மிரல் நகுமோவின் கடற்படையைக் கண்டது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட படை அது. கற்றலினாவின் தலைவர் லெனார்ட் பேர்ச்சல். அவருடன் எட்டுப் பேர். கண்டதை அவர்கள் வானொலியில் அறிவித்த வேளையில் சீரோ சண்டை விமானங்கள் அவர்களைச் சுட்டு வீழ்த்தின. மூவர் மாண்டனர், எஞ்சிய அறுவர் போர்க் கைதிகளாயினர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கி மூழ்கடிக்கப்பட்டதும் அதே 9ஆம் திகதிதான். முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தமையால் கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவற்றை வெளியேற்ற அவகாசம் கிடைத்தது.

இந்த விமானத்தை மேசையில் செய்து வைக்க விரும்புபவர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல், பெட்டியில் இருப்பது இந்த விமானம் அல்ல என்பதுதான். ஏர்ஃபிக்ஸ் 1960களில் வெளியிட்டுப் பல தசாப்தங்கள் விற்பனை செய்த கற்றலினா, பீ.பீ.வை. 5ஏ என்ற வகை. நீரிலும் இறங்கும், உள்ளிழுக்கும் சக்கரங்கள் இருப்பதால் தரையிலும் இறங்கும். பேர்ச்சல் ஓட்டிச் சென்றதோ சக்கரமே இல்லாத படகு வகை. படகு வகையைத் தரும் பெட்டிகளும் பிற்காலத்தில் வந்துள்ளன. ஆனால் பழைய பெட்டியே கைக்கு வந்தவர் என்ன செய்வது? விமானத்தின் இரு பக்கங்களிலும் உள்ள சக்கரக் குழிகளையும், மூக்குச் சக்கரத்தின் கதவையும் அடைத்து மூடுவதே வழி.

அடைப்பது பேச்சுக்கு எளிது. குழியின் உட்புறத்தில் பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஒட்டி, வெளிப்புறத்தைப் புட்டியால் நிரப்பி, காய்ந்தபின் தேய்க்க வேண்டும். ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் புட்டி காயும்போது சுருங்கிப் பள்ளம் விழும். இரண்டு மூன்று தடவைகளாக, ஒவ்வொரு தடவையும் காயவிட்டுப் பூசுவதே நல்லது. சுப்பர் குளூவுடன் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைக் குழைத்து அடைப்பவர்களும் உண்டு. அது சுருங்காது. ஆனால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். விட்டுவைத்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிட இறுகிவிடும். ஈரமாக்கிய அரத்தாளால் தேய்த்து, மெல்லிய சாம்பல் நிற முதற்பூச்சு ஒன்றைப் பூசிப் பார்த்தால், கண்ணுக்கும் விரலுக்கும் தப்பிய கோடுகளெல்லாம் தெரியவரும். திரும்பவும் புட்டி, திரும்பவும் அரத்தாள். ஒரு வார இறுதி முழுவதும் இதிலேயே போகலாம்.

சக்கரங்களை நீக்குவதில் ஓர் இலாபமும் உண்டு. சக்கரத்தில் நிற்கும் கற்றலினாவின் மூக்குக்குள் போதிய பாரம் வைக்காவிட்டால், அது வாலில் குந்திவிடும். படகு வகையை ஒரு தாங்கியில் வைத்துவிடலாம், பாரம் தேவையில்லை.

இரண்டாவது பெரிய தலையிடி இறக்கை. கற்றலினாவின் இறக்கை உடலோடு ஒட்டியிருப்பதில்லை. உடலுக்கு மேலே எழும் ஒற்றைத் தூணின் மீது உட்கார்ந்து, பக்கத்துக்கு இரண்டாக நான்கு முட்டுக்கம்பிகளால் தாங்கப்படுகிறது. நிஜ விமானத்தில் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 104 அடி. மாதிரியில் 44 சென்ரிமீற்றர். தூண் ஒரு பாகை சரிந்தாலும் ஒரு நுனி ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் தாழ, மறு நுனி அதேயளவு உயரும். நிஜ அளவில் அது கால் மீற்றருக்கும் அதிகம். அறையின் மறுபக்கத்தில் நிற்பவருக்கும் விமானம் கோணலாகவே தெரியும்.

செய்முறைத் தாள் இதற்கு ஒரே ஒரு படத்தையும் ஓர் அம்புக்குறியையும் தரும். இறக்கையையும் தூணையும் நான்கு கம்பிகளையும் ஒரே மூச்சில் ஒட்டும்படி சொல்லும். இரண்டு கைகள் மட்டுமே உள்ளவர்கள் அதற்குக் கீழ்ப்படியாதிருப்பது நல்லது. பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பதுதான் முதல் வேலை. பிறகு உடலைப் புத்தகங்களுக்கு இடையில் அசையாமல் நிறுத்தி, மெதுவாகக் காயும் பசையால் தூணை மட்டும் ஒட்டி, மேசையிலிருந்து இரு நுனிகளின் உயரத்தையும் அடிமட்டத்தால் அளந்து, சமப்படுத்தி, ஓர் இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். கம்பிகளை மறுநாள் பொருத்தலாம். கம்பி எட்டவில்லை என்றால் இறக்கையைக் கீழே இழுக்கக் கூடாது. கம்பியின் நுனியில் பிளாஸ்டிக் துண்டொன்றை ஒட்டி நீட்ட வேண்டும். நீளம் கூடினால் கம்பியைத்தான் தேய்க்க வேண்டும்.

மூன்றாவது, இரு பக்கங்களிலும் கண்ணாடிக் குமிழ்போல் துருத்தி நிற்கும் அவதானிப்பு யன்னல்கள். கற்றலினா என்றதும் நினைவுக்கு வருவது இவைதான். இவற்றைச் சுப்பர் குளூவால் ஒட்டினால் அதன் ஆவி படிந்து கண்ணாடி வெண்மூட்டமாகிவிடும். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும். அது காய்ந்தால் நிறமின்றிப் போகும். மேலதிகமாக வழிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

எங்களைப்போல் ஈரப்பதன் மிக்க நாடுகளில் வாழ்பவர்களுக்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. மழை நாளில் லாக்கர் வகை வர்ணத்தை விசிறினால், அது காயும்போது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, வெள்ளை படர்ந்துவிடும். வெயில் நாளுக்காகக் காத்திருப்பதும், மெல்லிய பூச்சுகளாகப் பூசுவதுமே பரிகாரம். அதே வெயில் வேறொரு விதத்தில் உதவுகிறது. பழைய பெட்டிகளில் வரும், நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களின் தாள் காலப்போக்கில் மஞ்சளித்திருக்கும். அதை யன்னற் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாட்கள் ஒட்டிவைத்தால் மஞ்சள் பெருமளவு வெளிறிவிடும். சின்னத்தை ஒட்டுமுன் விமானத்தின் மேற்பரப்பில் பளபளப்பான பூச்சொன்று இருக்க வேண்டும். இல்லையேல் அடியில் காற்று தங்கி, வெள்ளி பூசியதுபோல் மினுங்கும்.

இவ்வளவும் செய்தபின்னரும் பிழைகள் எஞ்சியிருக்கும். பழைய பெட்டிகளின் மேற்பரப்பு முழுவதும் புடைத்து நிற்கும் ஆணித்தலைகள் அவற்றில் பிரசித்தமானவை. கால் மில்லிமீற்றர் புடைப்பென்றாலும் நிஜ அளவில் அது 18 மில்லிமீற்றர். அப்படியொரு விமானம் எங்கும் பறந்ததில்லை. எனவே எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து, தகட்டுக் கோடுகளை ஊசியால் புதிதாகக் கீறவேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். ஆணித்தலைகளை எண்ணுபவர்கள் என்று அவர்களைக் கேலி செய்வோரும் உண்டு. எதையும் திருத்த வேண்டாம், பெட்டியில் உள்ளபடி ஒட்டி மகிழ்வோம் என்பது அந்தக் கேலிக்காரரின் கட்சி.

நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. பத்திரிகை ஆசிரியபீடத்தில் பல்லாண்டுகள் இருந்தவனுக்கு இதில் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. மரணச் செய்தியில் இறந்தவரின் பெயரை மாற்றி அச்சிடுவது ஒரு பிழை. ஒற்று மிகக்கூடாத இடத்தில் மிகுவது இன்னொரு பிழை. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பவரிடம் பக்கங்களை ஒப்படைத்தால் பத்திரிகை விடியுமுன் அச்சுக்குப் போகாது. இரண்டையும் பொருட்படுத்தாதவரிடம் ஒப்படைத்தால் மறுநாள் காலையில் இறந்தவரின் உறவினர்கள் வாசலில் நிற்பார்கள்.

மாதிரி விமானத்திலும் பிழைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். வரலாற்றைப் பொய்யாக்கும் பிழை முதல் வகை. கொக்கலவிலிருந்து சென்ற படகு விமானத்துக்குச் சக்கரம் வைப்பது இத்தகையது; எவ்வளவு சிரமமானாலும் திருத்தியே ஆகவேண்டும். இரண்டாவது, அமைப்பைக் கோணலாக்கும் பிழை. இறக்கை இதற்கு உதாரணம். பசை காயுமுன் திருத்துவது எளிது என்பதால் அதையும் திருத்த வேண்டும். மூன்றாவது, மேற்பரப்புப் பிழை. ஆணித்தலைகளும், உடலுக்குள் எவரும் காணாத ஆசனங்களும், வர்ணத்தின் நுண்ணிய சாயலும் இதில் அடங்கும். சாயல் பற்றிச் சண்டையிடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் சில வகைகள் மஞ்சளையே கருமையாகக் காட்டின. அத்தகைய படங்களை வைத்துச் சாயலை முடிவுசெய்ய இயலாது. மூன்றாவது வகையை மனமும் நேரமும் உள்ளவர்கள் திருத்தலாம். அதற்காக விமானத்தைப் பாதியில் விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

நல்ல பெட்டியை வாங்கினால் இந்தக் கவலையே இல்லையே என்று சிலர் கேட்பார்கள். திரைப்பட இயக்குநர் பீற்றர் ஜக்சன் நியூசிலாந்தில் நிறுவிய 'விங்நட் விங்ஸ்', 2009 முதல் 2020இல் மூடப்படும்வரை, முதலாம் உலகப் போர் விமானங்களை 1/32 அளவில் மிகத் துல்லியமாக வெளியிட்டது. பாகங்கள் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதால், ஒட்டும் இடத்தில் பூசிய வர்ணத்தின் தடிப்பே தடையாகிவிடும். அதைச் சுரண்டியெடுத்த பின்னரே ஒட்ட முடியும். சிறந்த பெட்டியிலும் சிரமம் ஒழிவதில்லை. வேறோர் இடத்தில் வந்து நிற்கிறது.

இன்னொரு கேள்வி எங்கள் சமூகத்துக்கே உரியது. விமான இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் ஓடிய மக்களில் ஒருவர், போர் விமானத்தை வீட்டில் அழகுக்கு வைக்கலாமா என்று கேட்டால், அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு உரிமையில்லை. எங்கள் ஊர்களின்மீது குண்டு போட்ட விமானமொன்றை நானும் செய்து வைக்கமாட்டேன். ஆனால் பேர்ச்சலின் கற்றலினா அன்று கடலைக் கண்காணிக்கவே சென்றது. அதனுள் இருந்த ஒன்பது பேரில் மூவர் திரும்பவில்லை. அதே படகு வகை விமானங்களை 1943 முதல் 1945 வரை குவான்டாஸ் நிறுவனம் பேர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையில் ஓட்டியது. கடிதங்களையும் மிகச் சில பயணிகளையும் ஏற்றிக்கொண்டு, எங்கும் தரிக்காமல் 27 முதல் 33 மணித்தியாலங்கள் பறந்தன. வழியில் இரண்டு சூரியோதயங்களைக் காணலாம் என்பதால் 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் அச்சேவைக்கு வந்தது. எந்த விமானம், எந்த நாள், உள்ளே யார் என்ற விபரம் தெரியாமல் செய்தால் அது வெறும் போர் விளையாட்டுப் பொருள்தான். சக்கரக் குழியை அடைக்கும் வேலையை நான் வற்புறுத்துவதும் இதனாலேயே.

ஆகவே, பாதியில் விட்ட பெட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு எனது ஆலோசனை இது. ஒரு தாளை எடுத்து உங்கள் விமானத்தின் பிழைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வகையைக் குறியுங்கள். ஒன்றையும் இரண்டையும் திருத்துங்கள். மூன்றில் உங்கள் கண்ணை அதிகம் உறுத்துவதை மட்டும் தெரிவுசெய்து, ஏனையவற்றை வெட்டிவிடுங்கள். பிறகு வர்ணத்தைப் பூசி, அடுத்த வெயில் நாளுக்குள் முடித்துவிடுங்கள்.