தோண்டுகிற வாளியும் விவசாயக் கருவிதான்!



விவசாய இயந்திரம் என்றால் அரசாங்கத்துக்கு உழவு தெரிகிறது, நடவு தெரிகிறது, அறுப்பு தெரிகிறது. தோண்டுகிற வேலை மட்டும் கண்ணில் படுவதில்லை. ஆனால் நம் வீட்டைச் சுற்றியும் கொல்லையிலும் வருஷம் பூரா நடப்பது எது? தோண்டுவதுதான்.

தென்னைக்குக் குழி, மாங்கன்றுக்குக் குழி, சொட்டுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம், எருக்குழி, மாட்டுக் கொட்டகைக் கழிவுநீர் போக வாய்க்கால், கழிவறைக்கு உறிஞ்சு குழி, மழைத் தண்ணீர் வடிய வடிகால், பட்டுப்போன மரத்தின் வேர்க்கட்டை, வரப்போரம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம். இதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். சின்ன வேலை என்பதால்தான் யாரும் வர மாட்டேங்கிறார்கள்.

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருவாலங்காடு பக்கம் எந்த ஊரில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஜேசிபி வண்டிக்காரரிடம் “அரை மணி நேர வேலை இருக்குதுங்க” என்று சொன்னால் என்ன பதில் வருகிறது? “குறைஞ்சது இத்தனை மணி நேரம் எடுத்தாத்தான் வருவேன்.” அதற்கு மேல் வண்டி வந்துபோகும் நேரத்துக்கும் காசு. மனைப்பிரிவு வேலையும் சாலை வேலையும் இருக்கும்போது காசு கொடுத்தாலும் வண்டி கிடைப்பதில்லை. எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கம் ஆள் அனுப்பிக் கேட்டாலும் கதை அதுதான். அங்கே இருக்கிற தெலுங்கு பேசும் சிறு விவசாயிக்கும் இதே பாடுதான்.

மழை வந்தால் இன்னும் மோசம். 2021 நவம்பரில் ஆந்திரப் பக்கத்து கிருஷ்ணாபுரம் அணை திறந்து கொசஸ்தலையில் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி நேரத்தில் நிலத்தில் நிற்கிற தண்ணீரை வடிக்க ஒரு வாய்க்கால் வெட்ட எந்த வண்டி வரும்? வந்தாலும் சேற்றில் இறங்குமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள்!

தென்னை வைக்க 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 70 குழி. ஒரு குழி 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். அதாவது 27 கன அடி. 70 குழிக்கு 1,890 கன அடி. கிட்டத்தட்ட 19 யூனிட் மண்! சொட்டுநீருக்கு 600 அடி நீளம் மெயின் குழாய் போட, ஒரு அடி அகலம் 2 அடி ஆழம் வெட்டினால் இன்னொரு 12 யூனிட். கோடையில் காய்ந்து கிடக்கிற செம்மண்ணில் கடப்பாரை போட்டவனுக்குத் தெரியும் இந்த எண்ணிக்கையின் கனம்.

பெரிய வண்டி இதைச் செய்யாதா? செய்யும். ஆனால் அது ஏழு டன்னுக்கு மேல் எடை. 15 அடி ஆழம் தோண்டக் கூடியது. மூன்றடிக் குழிக்கு அது எதற்கு? கொல்லைக்குள் வர வரப்பை உடைக்க வேண்டும், வேலியைப் பிரிக்க வேண்டும், வீட்டுச் சந்தில் திரும்பாது. போன தடத்தில் மண் இறுகி அடுத்த போகத்தில் ஏர் இறங்காது. ஒரு அடி அகலம் போதும் என்ற இடத்தில் இரண்டு மடங்கு அகலம் வெட்டி வைக்கும். கொசு அடிக்க உலக்கை எடுத்த கதை!

சின்ன டிராக்டரில் பிறந்த இயந்திரம்

நாம் ஜேசிபி என்கிறோம். அது ஒரு இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர். பொக்லைன் என்கிறோம். அது பிரான்சுக் கம்பெனியின் பெயர். ஆனால் டிராக்டரின் முதுகில் ஹைட்ராலிக் கை வைத்துத் தோண்டுகிற கருவி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உருவானது. வைனோ ஹோலோபைனன், ராய் ஹேண்டி என்ற இருவர் செய்தார்கள். 1948-ல் முதலில் விற்றபோது அது எதன் மேல் உட்கார்ந்திருந்தது தெரியுமா? ஃபோர்டு 8என் என்ற சாதாரண விவசாய டிராக்டர் மேல். அதன் சக்தி சுமார் 25 குதிரைத்திறன். இன்றைக்கு நம் ஊரில் மாந்தோப்பில் ஓடுகிற மினி டிராக்டர் அளவுதான்!

ஆக, இது விவசாயியின் டிராக்டரில் பிறந்த கருவி. பிறகு வளர்ந்து பெருத்து, கட்டிடக் கான்டிராக்டர் கைக்குப் போய்விட்டது. நாம் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை. நம்முடையதைத் திருப்பிக் கொடு என்கிறோம்.

மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற இந்த வாளிக்கை 6 அடியிலிருந்து 8 அடி வரை ஆழம் தோண்டும். வாளி ஒரு அடி, ஒன்றரை அடி அகலம்தான். சந்துக்குள் போகும், வரப்போரம் நிற்கும். மேலே சொன்ன வேலைகளுக்குத் தாராளமாகப் போதும்.

எதற்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கிணறு தூர்வார ஆகாது. பெரிய பண்ணைக்குட்டை வெட்ட ஆகாது. பாறையில் இறங்காது. பெரிய வண்டி ஒரு மணியில் முடிப்பதை இது பல மணி எடுக்கும். மாட்டுகிற முறையும் முக்கியம். பின்பக்கத்து மூன்று லிங்க் கம்பியில் மட்டும் தொங்கவிட்டால் தோண்டுகிற வேகத்தில் டிராக்டரின் பின்பக்க ஹவுசிங்கே விரிசல் விடும். டிராக்டரின் உடலோடு சேர்த்துத் தனிச் சட்டம் போட்டுத்தான் மாட்ட வேண்டும். முன்பக்கம் எடை வைக்க வேண்டும். மாட்டினால் டிராக்டரின் வாரன்டி நிற்குமா நிற்காதா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

யார் வாங்குவது?

இங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். “நல்லா இருக்குதே, கடன் வாங்கிப் போட்டுடலாம்” என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட முழுசாக இல்லை. இந்த நிலத்தில் தோண்டுகிற வேலை வருஷத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்.

தணிகை மலைக்கு 365 படி. வருஷத்தில் ஒரு நாளுக்கு ஒரு படி என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடன் வட்டியும் அப்படித்தான், நாளுக்கு ஒரு படி ஏறும். வேலை ஐந்து நாள், வட்டி 365 நாள் என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்? டிராக்டர் கடனுக்கு நிலத்தை விட்டவர்களை நாம் பார்க்காதவர்களா?

அதனால்தான் சொல்கிறோம்: தனியாள் வாங்கக் கூடாது, ஊர் வாங்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் நாலைந்து சேர்ந்து ஒரு வண்டி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலோ, உழவர் உற்பத்தியாளர் குழுவின் பெயரிலோ இருக்கட்டும். பதிவேட்டில் வரிசைப்படி பெயர், மணிக்கணக்கில் வாடகை, அரை மணி நேரத்துக்கும் வர வேண்டும் என்ற விதி. ஐந்து சென்ட் வைத்திருக்கிற விதவைத் தாய்க்கும் வரிசை வரும்போது வண்டி வர வேண்டும். பெரிய பண்ணைக்காரர் வீட்டு வாசலில் நின்றுவிடக் கூடாது.

வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு இயந்திரம் விடுகிறது. உழவன் செயலியிலும் பதியலாம். சமீப ஆண்டுகளில் டிராக்டருக்கு மணிக்கு 500 ரூபாய், மண் அள்ளும் இயந்திரத்துக்கு 890 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. தனியாரைவிடக் குறைவுதான், வரவேற்கிறோம். ஆனால் அதிலும் பெரிய வண்டிதானே வருகிறது? வீட்டுக் கொல்லைக்குள் வரக்கூடிய சின்ன வண்டி ஒவ்வொரு ஒன்றியத்திலும் வேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

கூலிக்காரரின் வயிற்றில் அடிக்கவா?

சில தோழர்கள் கேட்கிறார்கள், “மெஷின் வந்தா மண்வெட்டி புடிக்கிறவன் கதி என்ன?” நியாயமான கேள்வி. நம் சங்கத்தில் பாதிப்பேர் நிலமும் வைத்துக்கொண்டு கூலிக்கும் போகிறவர்கள்தான். 2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தபோது ஒப்பந்தக்காரருக்கும் ஆள் வேலையைப் பறிக்கிற இயந்திரத்துக்கும் அதில் இடமில்லை என்று எழுதினார்கள். அது சரியான விதி. ஏரி வேலையும் வாய்க்கால் வேலையும் அரசுப் பணத்தில் நடக்கிறபோது கை வேலைக்கே முதலிடம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நாம் பேசுவது, ஆளும் கிடைக்காமல் வண்டியும் வராமல் இரண்டு வருஷமாகத் தள்ளிப்போகிற எருக்குழியைப் பற்றி, கழிவறைக் குழியைப் பற்றி. குழி வெட்டினால் கன்று வைக்க, எரு போட, தண்ணீர் கட்ட, காய் பறிக்க ஆள் வேண்டும். குழியே வெட்டாவிட்டால் அந்த வேலைகளும் இல்லை. வண்டி ஓட்டுகிற வேலையையும் உள்ளூர் இளைஞருக்கே, பெண்களுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்துத் தர வேண்டும்.

உயிர் முக்கியம்!

இயந்திரம் சின்னது என்று அலட்சியம் வேண்டாம். வீட்டருகே வேலை என்றால் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். கை வீசுகிற சுற்றளவுக்குள் ஒரு குஞ்சுகூட நிற்கக் கூடாது. பக்கவாட்டுக் கால் இரண்டும் கெட்டித் தரையில் ஊன்றாமல் தோண்டினால் வண்டி சாயும். சரிவில் குறுக்காக நிறுத்தாதீர்கள். சுற்றுகிற பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் வேட்டி நுனியோ துண்டோ சேலையோ சிக்கினால் ஆளை இழுத்துவிடும், மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். மேலே மின்கம்பி இருக்கிறதா, கீழே கேபிள் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாளியை இறக்க வேண்டும். ஆளுயரப் பள்ளத்துக்குள் யாரும் இறங்க வேண்டாம், ஈர மண் சொல்லிக்கொண்டு சரியாது. என்ஜினை நிறுத்துமுன் வாளியைத் தரையில் வையுங்கள்.

மண்ணுக்கும் மறியலா?

இன்னொரு வேதனையையும் சொல்ல வேண்டும். ஏரி வண்டல் மண்ணை விவசாயி இலவசமாக எடுக்கலாம் என்று 2017-ல் அரசு வழி செய்தது. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்று அளவும் வைத்தது. 2024-ல் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. நல்லது. ஆனால் நடப்பில் என்ன? அனுமதிச் சீட்டோடு போகிற விவசாயியின் டிராக்டரை நிறுத்துகிறார்கள், இரவில் போகிற டிப்பர் லாரி போய்க்கொண்டே இருக்கிறது! தோண்டுகிற வண்டி என்றாலே திருட்டு வண்டி என்று பார்க்கிற பார்வை மாற வேண்டும். அதே நேரம் நம்மவர்களுக்கும் சொல்கிறோம்: நம் குழி மண் நம் வரப்புக்கும் வீட்டுத் தரைக்கும்தான். லோடு கட்டி விற்கப் போனால் சங்கம் துணைக்கு வராது.

நம் கோரிக்கைகள்

1. மினி டிராக்டரில் மாட்டும் வாளிக்கையை விவசாயக் கருவி என்று பெயர் சொல்லி, எல்லா மாவட்ட மானியப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். சிறு, குறு விவசாயிக்குரிய 50 சதவீத மானியம் இதற்கும் வேண்டும்.

2. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் உழவுக் கருவிகளுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. மண் தோண்டும் பெரிய இயந்திரங்களுக்கு 18 சதவீதம். விவசாயி வாங்குகிற வாளிக்கைக்கும் 5 சதவீதம்தான் என்று தெளிவாக அறிவிக்க வேண்டும்.

3. ஒன்றியத்துக்கு ஒரு சின்ன வண்டியாவது அரசு வாடகை மையத்தில் நிற்க வேண்டும். அரை மணி நேர வேலைக்கும் வர வேண்டும்.

4. கூட்டுறவுச் சங்கம் வாங்க முன்வந்தால் வட்டியில்லாக் கடன் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் பயிற்சியும் காப்பீடும் இலவசமாக வேண்டும்.

5. அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் விவசாயியின் வண்டியை மறித்து அலைக்கழிப்பதை நிறுத்த வேண்டும்.

விவசாயிகளே! இந்தத் திருத்தணி சும்மா தமிழ்நாட்டோடு சேரவில்லை. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மக்களைத் திரட்டிப் போராடியதால்தான் 1960 ஏப்ரல் 1-ல் சேர்ந்தது. ஊரையே கேட்டு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு வாளியைக் கேட்டு வாங்க முடியாதா?

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் உட்கார்ந்து, யார் வீட்டில் என்ன தோண்ட வேண்டியிருக்கிறது, எத்தனை நாளாகத் தள்ளிப்போகிறது என்று பட்டியல் எழுதுங்கள். குழி எண்ணிக்கை, அடிக்கணக்கு, பெயர், கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். வெறும் மனு கொடுத்தால் குப்பைக்குப் போகும். ஊர்க்கணக்கோடு கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் மண்வெட்டியோடும் கடப்பாரையோடும் அலுவலக வாசலில் போய் உட்காருவோம்!

ஊருக்கு ஒரு வாளி கேட்போம்!
ஒன்றுபட்டுக் கேட்போம்!
வாங்காமல் ஓய மாட்டோம்!

செயலாளர்,
விவசாயிகள் சங்கம், திருத்தணி