சோப்புக்குச் சிவக்கும், வெயிலுக்குப் பணியும்

வெள்ளைச் சட்டையில் ஒரு கரண்டி சாம்பார். இலையை விட்டு எழுந்து குழாயடிக்கு ஓட்டம். சலவை சோப்பை அழுத்தித் தேய்த்ததும் அடுத்த அதிர்ச்சி. மஞ்சளாக இருந்த கறை செங்கல் நிறத்துக்கு மாறி நிற்கிறது. பல வீடுகளில் விபரீதம் ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். பிளீச் பாட்டில் வெளியே வருகிறது. அதுவும் போதாதென்று கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கலந்து பார்க்கும் துணிச்சல்காரர்களும் உண்டு. முடிவில் துணி கிழிகிறது, கை எரிகிறது, சமயத்தில் மூச்சே திணறுகிறது.

துணி வெளுக்கப் போயிருந்தால் கதை வேறு. மஞ்சள் கறையோடு போன சேலை சிவப்புக் கறையோடு திரும்பி வருகிறது. பழி சலவைத் தொழிலாளி தலையில் விழுகிறது, அல்லது வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் தலையில். வசவோடு நிற்காமல் சம்பளத்தில் பிடித்தம் வரை போகிற வீடுகளும் இருக்கின்றன. இத்தனைக்கும் அவர்கள் செய்த தவறு எதுவுமில்லை. சிவந்தது மஞ்சளின் குணம்.

தமிழர் வீடுகளுக்கு இது புதிய செய்தியே அல்ல. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்தால் தண்ணீர் சிவக்கிறதே, அதே ரசாயனம்தான். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் குங்குமம் செய்கிற பழைய முறையும் இதுவே. காரப் பொருள் பட்டால் மஞ்சள் சிவக்கும். புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். சலவை சோப்பும் சோடாவும் காரப் பொருள்கள். எனவே சோப்பு பட்டுச் சிவந்த கறை புதிய கறை அல்ல. நல்ல தண்ணீரில் அலசினாலே அது பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும்.

இதே காரணத்தால் இன்னொரு ஏமாற்றமும் நடக்கிறது. சிவந்த இடத்தில் எலுமிச்சையைத் தேய்த்ததும் சிவப்பு மாயமாகிறது. “எலுமிச்சை கறையை எடுத்துவிட்டது” என்று சந்தோஷம். உண்மையில் கறை எங்கும் போகவில்லை. நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் இத்தனை பிடிவாதம்?

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். இதை 1815-லேயே தனியாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள். சாதாரண மஞ்சள் தூளில் இது நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான். மேகாலயாவின் ஜெயின்டியா மலையில் விளையும் லாகடாங் மஞ்சளில் 7 சதவீதம் வரை போகும். நிறம் அதிகம், கறையும் அதிகம்.

குர்குமினுக்குத் தண்ணீர் ஆகாது. எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். குழம்பில் தாளித்த எண்ணெய்தான் அதற்கு வாகனம். அந்த எண்ணெயில் ஏறி நூலிழைக்குள் இறங்கிவிடுகிறது. வெறும் தண்ணீரில் எவ்வளவு கசக்கினாலும் அசையாததற்குக் காரணம் இது. இன்னொரு காரணமும் உண்டு. மஞ்சள் என்பது மசாலா மட்டுமல்ல, சாயமும்கூட. படிகாரம் போன்ற துணைப் பொருள் இல்லாமலேயே பருத்தியில் ஒட்டிக்கொள்ளும் இயற்கைச் சாயங்கள் சிலவே. அவற்றில் மஞ்சளும் ஒன்று. ஆக, சட்டையில் சிந்திய சாம்பார் துணியை அழுக்காக்குவதோடு சாயமும் போட்டுவிடுகிறது.

ஆனால் சாயக்காரர்களுக்கு மஞ்சள் மேல் ஒரு நீண்டகாலப் புகார் உண்டு: வெயிலில் நிற்காது, வெளுத்துப் போகும். வெளிச்சம் பட்டால் குர்குமின் சிதைந்துவிடுகிறது. சாயக்காரரின் புகார்தான் இல்லத்தரசியின் மருந்து. செலவு இல்லாத, துணியைக் கிழிக்காத மருந்து.

வரிசை முக்கியம்

கறை பட்டவுடன் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பரவும். ஸ்பூன் முனையால் மேலே நிற்பதை வழித்தெடுத்து, உலர்ந்த துணியாலோ காகிதத்தாலோ ஒற்ற வேண்டும். எண்ணெய்ப் பசை தெரிந்தால் முகப் பவுடரையோ கடலை மாவையோ தூவிக் கால் மணி நேரம் விட்டால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு உதறிவிடலாம்.

அடுத்தது எண்ணெயைக் கழற்றுவது. பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு இதற்கு ஏற்றது. கறையின் பின்பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டு விரலால் மெதுவாகத் தட்டி, பத்து நிமிடம் ஊறவைத்து, குளிர்ந்த தண்ணீரில் பின்பக்கத்திலிருந்து அலச வேண்டும். சிவந்தால் பதற வேண்டாம். சோப்பு முழுக்கப் போகும் வரை அலசினால் போதும்.

கடைசியாக வெயில். ஈரம் இருக்கும்போதே கறை பட்ட பக்கம் மேலே தெரியும்படி விரித்துப் போட வேண்டும். ஒரு நாளில் பாதி போகலாம். போகாத மீதிக்கு மறுநாளும் அதே சிகிச்சை: அலசல், வெயில். கறை போனது உறுதியாகும் வரை இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக் கூடாது. சூடு பட்டால் மிச்சமிருக்கும் எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கும். வாஷிங் மெஷினின் சூடான டிரையருக்கும் இதே தடை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் வெயிலுக்கு எங்கே போவது? டிசம்பர், ஜனவரியில் டெல்லியின் பனிமூட்டத்துக்கு என்ன வழி? மேகமூட்டத்திலும் வெளிச்சம் இருக்கிறது, வேலை நடக்கிறது. என்ன, ஒரு நாள் வேலைக்கு நான்கைந்து நாள் ஆகும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் போடுவதைவிடத் திறந்த பால்கனி மேல். அவசரமாக அணிந்தே ஆக வேண்டிய பள்ளிச் சீருடை என்றால், வெள்ளைப் பருத்திக்கு மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். 3 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பாட்டிலில் 6 சதவீதம் என்று இருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ள வேண்டும். கறை மேல் விட்டு அரை மணி நேரம் கழித்து அலசலாம்.

நிறத் துணிக்கு வெயிலும் இருமுனைக் கத்திதான். கறையோடு துணியின் நிறமும் வெளுக்கும். அங்கே சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒற்றிப் பார்க்கலாம். முதலில் உள்மடிப்பில் ஒரு மூலையில் சோதிக்க வேண்டும். சாயம் இறங்கினால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும் என்பதால் அடுப்பங்கரையில் இந்த வேலை கூடாது.

பட்டும் கம்பளியும் தனி ஜாதி. இரண்டும் புரத இழைகள். காரமான சலவைப் பொடியும் குளோரின் பிளீச்சும் அவற்றை அரித்துவிடும். காஞ்சிபுரமோ பனாரஸோ, ஒற்றி எடுத்துவிட்டு உலர் சலவைக் கடைக்குக் கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். சிந்தியது ரசமா, நெய்யா, எப்போது சிந்தியது, வீட்டில் என்ன போட்டுப் பார்த்தார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கறையின் ஜாதகம் தெரிந்தால்தான் கடைக்காரரால் சரியான மருந்து போட முடியும்.

பிளீச் என்ற அவசரக்காரர்

குளோரின் பிளீச் மஞ்சள் கறையை எடுக்கும் என்பது உண்மை. ஆனால் வெள்ளைப் பருத்திக்கு மட்டும், பாட்டிலில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து, ஜன்னலைத் திறந்து வைத்து. திரும்பத் திரும்பப் போட்டால் நூல் இற்றுவிடும். இழுத்தால் நீளும் ரகத் துணிகளில் போட்டால் வெள்ளையே பழுப்பாகும்.

உயிருக்கு ஆபத்தான விஷயம் வேறு. பிளீச்சோடு ஆசிட், வினிகர், எலுமிச்சை எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915-ல், படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு. அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடு சேர்ந்தாலும் விஷ வாயுதான். காற்றோட்டமில்லாத அடுக்குமாடிக் குளியலறையில் ஒரு சட்டைக்காக எடுக்கத் தகுந்த ஆபத்து அல்ல இது. பிளீச்சில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் கலக்கக் கூடாது.

கைக்கும் முகத்துக்கும்

தோலில் ஏறிய மஞ்சள் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. மேல்தோல் தானே உதிர்ந்து புதுப்பிப்பதால் எதுவும் செய்யாவிட்டாலும் சில நாளில் போய்விடும். அவசரம் என்றால் எண்ணெயை எண்ணெயால் எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெயை இரண்டு நிமிடம் தேய்த்துப் பழைய துணியால் துடைத்து, பிறகு பயத்தம் மாவோ சோப்போ போட்டுக் கழுவலாம். வட இந்தியக் கல்யாணங்களில் ஹல்தி சடங்குக்கு உட்காரும் மணமகளுக்கும், இங்கே நலங்குக்கு உட்காருபவருக்கும் இது பொருந்தும்.

மண்ணெண்ணெய், பிளீச் இரண்டும் தோலுக்கு விரோதிகள். எலுமிச்சையிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதன் சாறு தோலில் இருக்கும்போது வெயிலில் போனால் தீக்காயம் போலக் கொப்பளித்துக் கருந்தழும்பு விழலாம். எலுமிச்சை தேய்த்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே வெளியே போக வேண்டும். துணிக்கு மருந்தான வெயில் கைக்கு விஷமாவது இங்கே.

மிளகாய் வேறு ரகம். அதன் சிவப்புச் சாயமும் எண்ணெயில் கரைந்து வெயிலில் வெளுப்பதால் துணிக்கு அதே வைத்தியம் போதும். கர்நாடகத்து பியாடகி மிளகாய் நிறத்துக்குப் பெயர் போனது, காரம் குறைவு. குண்டூர் மிளகாய்க்குக் காரம்தான் பெருமை. அந்தக் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் தண்ணீரில் கரையாது. மிளகாய் நறுக்கிய கை எரியும்போது தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருப்பதில் பலனில்லை. முதலில் எண்ணெய், துடைப்பு, பிறகு சோப்பு. அதுவரை கண்ணைத் தொடக் கூடாது. கண்ணில் பட்டால் எண்ணெய் வைத்தியம் கிடையாது. நிறையச் சுத்தமான தண்ணீர் விட்டு அலச வேண்டும், எரிச்சல் அடங்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

கவலைப்பட வேண்டிய மஞ்சள்

துவைத்து எடுக்க முடியாத மஞ்சள் ஒன்று உண்டு. நிறை மாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 60 சதவீதத்துக்கு முதல் வாரத்தில் காமாலை தெரிகிறது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும். பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டும் வீட்டில் எது பூசிய மஞ்சள், எது காமாலை என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய இடம் கண்ணின் வெள்ளை. மஞ்சள் கறை அங்கே ஏறாது, காமாலை ஏறும். முதல் சில வாரங்களுக்குக் குழந்தைக்கு மஞ்சள் பூசாமல் இருப்பதே மேல்.

இன்னொரு கவலை அஞ்சறைப் பெட்டிக்குள் இருக்கிறது. கறை போகவில்லை என்பது மட்டும் கலப்படத்துக்குச் சாட்சியாகாது. ஆனால் சந்தேகம் வந்தால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எளிய சோதனை உண்டு. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் மஞ்சள் தூள். நல்ல தூள் வெளிர் மஞ்சளாக விட்டு அடியில் தங்கும். சாயம் கலந்தது தண்ணீரையே அடர் மஞ்சளாக்கும். மிளகாய்த் தூளை நீர்ப்பரப்பில் தூவினால், செயற்கைச் சாயம் இருந்தால் உடனே கோடு கோடாக இறங்கும். 2003-ல் ஐரோப்பாவில் இந்திய மிளகாய்த் தூளில் சூடான் என்ற தொழிற்சாலைச் சாயம் பிடிபட்டதும், 2005-ல் அதே சாயத்தால் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டதும் பழைய கதை ஆகிவிடவில்லை.

இந்தச் சோதனையில் தப்பிவிடும் ஒரு வில்லன் லெட் குரோமேட், அதாவது ஈயம் கலந்த மஞ்சள் நிறமி. அது தண்ணீரில் கரையாது. பங்களாதேஷில் விரலி மஞ்சளுக்கே இதைப் பூசிப் பளபளப்பு ஏற்றுவதை 2019-ல் வெளியான ஆய்வு அம்பலப்படுத்தியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலக மஞ்சள் உற்பத்தியில் பெரும்பகுதி ஈரோடு, சாங்லி, நிஜாமாபாத் என்று இந்தியச் சந்தைகளைத் தாண்டிப் போகிற நாட்டில், கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தேடிப் போக அவசியமே இல்லை. கொஞ்சம் மங்கலாக, மண் வாசனையோடு இருக்கும் மஞ்சள்தான் நம்பகமானது. அது சட்டையில் கறை போடும். போட்டால் போடட்டும், எடுக்க வெயில் இருக்கிறது.