தீவுக்குப் போன இரண்டு நண்பர்கள்

‘பேசாம எங்கேயாவது ஒரு தீவுக்குப் போயிடலாம்டா... செலவும் கம்மி, நிம்மதியும் கிடைக்கும்!’

நெருங்கிய நண்பர்கள் இருவர் கூடினால், என்றாவது ஒருநாள் இந்தப் பேச்சு வந்தே தீரும். பெரும்பாலும் டீ ஆறுவதற்குள் பேச்சும் ஆறிப்போகும். 1887-ம் ஆண்டு பிரான்ஸில் இரண்டு ஓவியர்கள் அதைப் பேச்சோடு விடவில்லை. கப்பலே ஏறிவிட்டார்கள்.

ஒருவர் பால் கோகன். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அதே கோகன்தான். அப்போது வயது 38. பங்குச்சந்தை வேலையில் கைநிறையச் சம்பாதித்தவர். 1882-ல் பாரிஸ் பங்குச்சந்தை சரிந்ததும் பிழைப்பு ஆட்டம் கண்டது. ‘இனி ஓவியம்தான் வாழ்க்கை’ என்று இறங்கினார். படங்கள் விற்கவில்லை. மனைவியும் பிள்ளைகளும் டென்மார்க்கில், மாமனார் ஊரில். கையில் காசில்லாமல் இவர் பாரிஸில்.

இன்னொருவர் சார்ல் லவால். வயது 25. முந்தைய ஆண்டுதான், ஓவியர்கள் கூடும் போன்ட் அவென் என்ற கிராமத்தில் கோகனைச் சந்தித்தார். கோகனின் ஓவியமும் பேச்சும் அவரைக் கட்டிப்போட்டன. ‘அண்ணன் எவ்வழி, நாமும் அவ்வழி’ என்று பெட்டியைக் கட்டிவிட்டார்.

திட்டம் இதுதான். பனாமாவுக்குப் போவது, அங்கே கோகனின் அக்கா கணவர் இருக்கிறார், உதவுவார். பக்கத்தில் தபோகா என்றொரு குட்டித் தீவு. அதில் மீனும் பழமும் சாப்பிட்டுக்கொண்டு, காசே இல்லாமல் படம் வரைந்து வாழலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஏப்ரல் மாதம் புறப்பட்டார்கள்.

போய் இறங்கினால் நிலைமை தலைகீழ். எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பனாமா கால்வாயை வெட்டிக்கொண்டிருந்த நேரம் அது. நிலத்தின் விலை எங்கோ ஏறிக் கிடந்தது. கையிருப்பு கரைந்தது. கோகன் கால்வாய் வேலைக்குப் போய் மண் வெட்டினார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வெயிலிலும் மழையிலும் வேலை. ராத்திரி முழுக்கக் கொசுக்கடி. அதுவும் சுமார் இரண்டு வாரம்தான், ஆள்குறைப்பில் வேலை போனது. லவால் அங்கிருந்தவர்களின் முகங்களை வரைந்து கொடுத்துக் காசு சேர்த்தார்.

கால்வாய்க் கரையில் மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் கொசு என்பது அன்று நிரூபிக்கப்படவில்லை. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல், அதாவது பத்து ஆண்டுகள் கழித்து. லவாலையும் மஞ்சள் காய்ச்சல் பிடித்தது. எப்படியோ பிழைத்தார்.

‘வரும் வழியில் கப்பல் நின்றதே, அந்தத் தீவுக்கே போய்விடலாம்’ என்று இருவரும் ஜூன் மாதம் மார்த்தினிக்கில் வந்து இறங்கினார்கள். கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு அது. செயின்ட் பியர் நகரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கார்பே ஊர்ப் பக்கம் ஒரு குடிசை கிடைத்தது. கீழே கடற்கரை. சுற்றிலும் தென்னையும் மாமரமும். தலையில் கூடைகளோடு நாள் முழுக்கப் பெண்கள் நடந்துபோகும் பாதை. தேடி வந்த தீவு கிடைத்துவிட்டது!

இங்கேதான் நமக்கும் ஒரு சொந்தம் வருகிறது. அந்தப் பெண்கள் தலையில் கட்டிய கட்டம்போட்ட துணிக்கு அங்கே ‘மெட்ராஸ்’ என்றே பெயர். நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன துணி. மாமரமும் நம் பக்கத்திலிருந்து கடல் கடந்ததுதான். மனிதர்களும் போனார்கள். 1848-ல் மார்த்தினிக்கில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. 1853 முதல் சுமார் 30 ஆண்டுகளில் 25,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள், புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சென்ற தமிழர்கள் உட்பட, ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். மாரியம்மன் வழிபாடு இன்றும் அங்கே உண்டு. ‘கொலம்போ’ என்ற அவர்களின் மசாலாக் கறியின் பெயர், நம் ‘குழம்பு’தான் என்று சொல்வோர் பலர்.

வெயிலில் கரும்பு வெட்டியவர்களுக்கு அந்தத் தீவு சொர்க்கமாக இருந்திருக்காது. கோகனின் படங்களில் அந்தப் பாடு அதிகம் தெரியாது. கனி பறிக்கும் பெண்கள், நிழல், கடல், பேச்சு... வெளியூர்க்காரரின் கண்ணுக்கு ஓர் ஊர் முதலில் அப்படித்தான் தெரிகிறது.

நண்பர்கள் இருவரும் ஒரே பாதையை, ஒரே மரத்தடியைப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வரைந்தார்கள். கோகனின் தூரிகையில் வண்ணங்கள் அடர்ந்தன. லவாலும் சளைக்கவில்லை.

ஆனால், உடம்பு ஒத்துழைக்கவில்லை. சில வாரங்களிலேயே கோகனுக்குச் சீதபேதியும் மலேரியாவும் சேர்ந்து வந்தன. எலும்பும் தோலுமானார். ‘திரும்பி வரப் பணம் அனுப்பு’ என்று பாரிஸ் நண்பருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். ஒருவழியாக நவம்பரில் பிரான்ஸ் திரும்பினார். லவால் உடன் வரவில்லை. அடுத்த ஆண்டுவரை தீவிலேயே இருந்தார்.

பாரிஸில் கோகனுக்குக் காத்திருந்தது அதிர்ஷ்டம். மாமரத்தடிப் பெண்களை வரைந்த படத்தை, ஓவிய வியாபாரியான தியோ வான்கா 400 பிராங்க் கொடுத்து வாங்கினார். அவருடைய அண்ணன்தான் வின்சென்ட் வான்கா. அவர் தன் சூரியகாந்திப் படங்கள் இரண்டைக் கொடுத்து, கோகனின் மார்த்தினிக் படம் ஒன்றைப் பண்டமாற்றாகப் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே ‘என்னோடு வந்து தங்குங்கள்’ என்று ஆர்ல் ஊருக்கு அழைத்தார். கோகனின் பெயர் மெல்ல மெல்ல வெளியே தெரிய ஆரம்பித்தது. 1891-ல் மறுபடியும் ஒரு தீவுக்குக் கிளம்பினார். இந்த முறை தாஹித்தி. இந்த முறை தனியாக.

லவால்? மற்றோர் ஓவிய நண்பரான எமில் பெர்னாரின் தங்கை மதலேனுடன் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. அந்தப் பெண்மீது கோகனுக்கும் ஒரு பிரியம் இருந்தது. தீவு வரை கூடவே வந்த நட்பு தேய்ந்தது. 1894-ல் காசநோய் முற்றி, எகிப்தின் கெய்ரோ நகரில் லவால் இறந்தார். வயது 32. அடுத்த ஆண்டு மதலேனும் போய்ச் சேர்ந்தார். லவால் விட்டுச்சென்ற படங்களே கொஞ்சம். அவற்றிலும் சில ‘கோகன் வரைந்தவை’ என்றே நெடுநாள் கருதப்பட்டன.

அவர்கள் உலவிய செயின்ட் பியர் நகரமும் தப்பவில்லை. 1902 மே 8 காலையில் பெலே எரிமலை வெடித்தது. சில நிமிடங்களில் நகரமே சாம்பல். பலியானவர்கள் சுமார் 28,000 பேர். இன்று கார்பேயில் கோகன் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

2018-ல் ஆம்ஸ்டர்டாமின் வான்கா அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி நடத்தியது. அதன் தலைப்பிலேயே கோகனோடு லவாலின் பெயரும் இருந்தது. 131 ஆண்டுகளுக்குப் பிறகு, இருவரின் தீவுப் படங்களும் அருகருகே தொங்கின. பார்க்க வந்தவர்கள் பலருக்கு லவால் என்ற பெயரே புதிது.

புகழ்பெற்றவரின் பயணக் கதையில், கூடவே போனவரின் பெயர் முதலில் உதிர்ந்துவிடுகிறது. கையில் காசில்லாத நாளில் முகம் வரைந்து சம்பாதித்தவரும், நோயாளி நண்பர் ஊர் திரும்பிய பிறகு தீவில் தனியே தங்கியவரும் அவர்தான். நம் பழைய சுற்றுலா போட்டோக்களிலும் அப்படி ஒருவர் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். இன்று ஒரு போன் போட்டுப் பேசலாமே!