மணிக்கு நடத்தும் பாடம்


எங்கள் வீட்டு நாய் மணி, வருகிறவர்கள் மேலெல்லாம் தாவுவான். போன மாதம் என் அக்காவைக் கீழே தள்ளிவிட்டான். நல்லவேளை, அடி பலமில்லை. "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடு" என்றார்கள். மனம் வரவில்லை.

தப்பு எங்களுடையது. தாவும்போது கத்தினோம், கையால் தள்ளினோம். அவனுக்கு அது விளையாட்டு. இப்போது தாவினால் எல்லோரும் திரும்பி நின்றுகொள்கிறோம். நான்கு காலும் தரையில் இருந்தால் உடனே தடவிக் கொடுத்து, வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. ஒருவர் கொஞ்சித் தாவவிட்டாலும் பாடம் வீண். வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும்.

வகுப்பில் சத்தம் போட்டவனைத்தான் பெயர் சொல்லி அழைத்தேன். அமைதியாக இருந்த உங்களில் பலரைக் கவனிக்காமலே விட்டேன். மன்னியுங்கள். மணியிடமாவது அந்தப் பிழையைத் திருத்திக்கொள்கிறேன்.