மிலாறும் பெற்றோலும்

சென்ற தவணை எங்கள் கல்லூரி விவாத மன்றத்தில் 'பயிர்களிலிருந்து எரிபொருள் எடுப்பதே நாட்டுக்கு நல்லது' என்ற தலைப்பு தரப்பட்டது. நான் 'நல்லது' என்ற அணியில் இருந்தேன். நாங்கள்தான் வென்றோம். உண்மையில் பெரிதாக வாதிடவே தேவைப்படவில்லை. 2022ஆம் ஆண்டை நினைவுபடுத்தியதே போதுமாயிருந்தது. பதுளையில் பெற்றோல் செட்டிலிருந்து வளைந்து வளைந்து நீண்ட வரிசையில், எங்கள் வாப்பா ஓட்டோவுக்குள்ளேயே இரண்டு இரவுகள் தூங்கியதைச் சொன்னேன். ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் 470 ரூபா; அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பிறகு கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர். "கரும்பு நம் ஊவா மாகாணத்திலேயே விளைகிறது. பெல்வத்தையிலும் செவனகலையிலும் எத்தனோல் வடிக்கிறார்கள். பெற்றோலை நம் மண்ணிலேயே விளைவிக்க முடியுமென்றால் கப்பலுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?" என்று முடித்தேன். மண்டபம் முழுவதும் கைதட்டல்.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேடையேறுமுன் செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஒரு தொன் கரும்பின் சாறு முழுவதையும் நொதிக்கவைத்து வடித்தால் சுமார் 70 லீற்றர் எத்தனோல் கிடைக்கும். ஏக்கருக்கு 25 தொன் கரும்பு விளைவதாக வைத்துக்கொண்டால் 1,750 லீற்றர். ஆனால் எத்தனோலுக்குப் பெற்றோலின் எரிசக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. ஆகவே அந்த 1,750 லீற்றர் செய்யும் வேலை சுமார் 1,170 லீற்றர் பெற்றோல் செய்யும் வேலைக்குச் சமம். நெருக்கடிக் காலப் பங்கீடான வாரம் 5 லீற்றர் என்ற கணக்கில், ஓர் ஏக்கர் கரும்பு ஆண்டு முழுவதும் நான்கு ஓட்டோக்களை ஓட்டும். சாதாரண நாட்களில் வாப்பா அந்த ஐந்து லீற்றரை ஒரே நாளில் முடித்துவிடுவார். அப்படிப் பார்த்தால் ஓர் ஏக்கர் கரும்பு எங்கள் வீட்டு ஓட்டோ ஒன்றுக்கே போதாது! உரத்துக்கும் உழவு இயந்திரத்துக்கும் கரும்பேற்றும் லொறிக்கும் செலவாகும் எண்ணெயை இன்னும் கழிக்கவில்லை.

அதே ஓர் ஏக்கர், தண்ணீர் உள்ள வயலாக இருந்தால், ஒரு போகத்தில் 1.8 தொன் அளவில் நெல் தரும். குத்தினால் ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு கிலோ அரிசி. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 110 கிலோ என்றால் பத்துப் பேருடைய வருடச் சோறு. கரும்பு நிலமெல்லாம் நெல் விளையும் நிலமல்ல என்பது எனக்குத் தெரியும். மானாவாரி மேட்டு நிலங்கள் நிறைய உண்டு. ஆனால் செவனகலைக் கரும்பின் ஒரு பகுதி உடவளவை நீரில்தான் வளர்கிறது. பெல்வத்தை இருப்பதோ வெல்லஸ்ஸவில். வெல்லஸ்ஸ என்றால் லட்சம் வயல் என்று பொருள். 1818 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் அந்த வயல்களையும் குளங்களையும் அழித்தார்கள் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்தப் பெயருள்ள மண்ணில் நின்று சோறா, வண்டியா என்று கேட்பது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

எதிரணியினர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் உண்டு. பெல்வத்தையிலும் செவனகலையிலும் எத்தனோல் வடிப்பது கரும்புச் சாற்றிலிருந்து அல்ல. சீனி எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து. அதன் பெரும்பகுதி எங்கே போகிறது என்பதும் தெரிந்ததே: மதுபானத்துக்கு. 2020 ஜனவரியில் எத்தனோல் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு உள்ளூர் எத்தனோலுக்குக் கிராக்கி இன்னும் கூடியது. அந்தக் கழிவுப்பாகை வண்டிக்குத் திருப்பினால் யாருடைய தட்டிலிருந்தும் சோறு குறையாது. இதற்கு நான் இப்போதும் ஆதரவுதான். ஆனால் பெற்றோலுடன் கலக்க வேண்டுமானால் எத்தனோலில் நீர் அறவே இருக்கக் கூடாது. அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். ஒரு லீற்றர் வடித்தால் பத்து லீற்றருக்கு மேல் கறுத்த கழிவுநீர் மிஞ்சும். அது ஆற்றில் இறங்காமல் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டுக்குத் தேவையான சீனியில் பத்தில் ஒரு பங்களவையே நாம் உற்பத்தி செய்கிறோம். மிஞ்சும் பாகு எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

கழிவு போதாமல் போகும்போதுதான் கை வயலை நோக்கி நீள்கிறது. அமெரிக்காவில் விளையும் சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இன்று எத்தனோல் ஆலைக்குப் போகிறது. இந்தியா பெற்றோலில் 20 வீதம் எத்தனோல் கலக்கக் கிளம்பியது. கரும்பு போதாமல் சோளத்தை நாடியது. சோளம் ஏற்றுமதி செய்த நாடு சோளம் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. நமக்கும் சோளம் தூரத்துப் பயிரல்ல. மொனராகலை, பதுளை மாவட்டச் சேனைகளில் விளைவது அதுதான். கோழித் தீனியும் அதுதான், கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷாவும் அதில்தான் தயாராகிறது. 2022இல் சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப் பகுதிகளில் அது 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை! அந்தப் பிள்ளையின் திரிபோஷாவோடு ஓர் எத்தனோல் ஆலை போட்டியிட்டால் யார் வெல்வார்கள் என்பதற்கு விவாதமே வேண்டாம்.

ஆனாலும் என் மனதை மாற்றியது கரும்போ சோளமோ அல்ல, விறகு.

விறகும் பயிரெரிபொருள்தான் என்பது மேடையில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டுவதும் உலர்த்துவதும் பெரும்பாலும் விறகுச் சூட்டில்தான். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு. அதற்காகத் தோட்டங்களில் யூகலிப்டஸ், நம்மவர் டர்பன்டைன் என்று சொல்லும் மரம், வளர்க்கிறார்கள். மஹியங்கனையில் 5 மெகாவாட் விறகு மின்நிலையம் இருக்கிறது. ஓர் அலகு மின்சாரத்துக்கு ஒன்றேகால் கிலோ விறகென்று வைத்தால், இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 150 தொன். இதற்குச் சீமைக்கிளுவையை நம்புகிறார்கள். வேலியில் நட்டால் போதும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். தழை உரமாகும், ஆட்டுக்குத் தீனியாகும், வேர் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும். இதைவிட நல்ல பயிரெரிபொருளை நான் கண்டதில்லை. டர்பன்டைன் அப்படியல்ல, வேகமாக வளரும், தண்ணீரையும் அப்படியே குடிக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் அம்மா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் இருக்கிறார். விவாதத்தில் வென்ற கதையை உம்மா அவரிடம் பெருமையாகச் சொன்னார். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நல்லதுதான் பாப்பா. ஆனா வெறகுக்கு வெல வந்த நாளுலேருந்து எங்களுக்கு அடுப்பு கஷ்டம். முந்தி கவ்வாத்து வெட்டுனா மிலாறு எங்களுக்குத்தான். காஞ்ச கொப்பு கெடந்தா தூக்கிட்டு வருவோம். இப்ப எல்லாத்தையும் லொறியில ஏத்துறாங்க. வெறுங்காடா கெடந்த மலையில டர்பன்டைன் கண்ணு வச்சிட்டாங்க, மாட்ட எங்க மேய்க்கிறது?"

இதைத்தான் நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. 'பயன்படாத தரிசு நிலத்தில் எரிபொருள் மரம்' என்று கட்டுரைகளில் படித்து, அப்படியே மேடையில் ஒப்பித்தேன். கைவிடப்பட்ட தேயிலை மலை தாளில் தரிசு. லயத்துக்கு அது மாட்டுக்குப் புல், அடுப்புக்குச் சுள்ளி, ஓரத்தில் நாலு பாத்தி மரக்கறி. உறுதி இல்லாததால் அந்தப் பயனுக்குக் கணக்கும் இல்லை. இத்தனை தலைமுறை அங்கே உழைத்தவர்களுக்கு வீட்டுத் திட்டத்தில் முன்பு கிடைத்ததே ஏழு பேர்ச்சஸ். அதுவும் எல்லோருக்கும் இன்னும் கிடைக்கவில்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியபோது டவுனில் உள்ள நாங்களும் விறகு தேடி அலைந்தோமே, அந்தச் சில மாத அலைச்சல்தான் அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை. தலையில் மிலாறுக் கட்டோடு பசறை வீதியோரம் நடந்து வரும் பெண்களை நான் தினமும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவள். அவர்களையும் எரிபொருள் பாவனையாளர்களாக நினைக்க எனக்குத்தான் தோன்றவில்லை.

அதனால் என் கருத்தை இங்கே திருத்திக்கொள்கிறேன். கழிவுப்பாகிலிருந்து எத்தனோல் எடுக்கட்டும். வேலியிலும் தேயிலை நிரைகளுக்கு நடுவிலும் சீமைக்கிளுவை நடட்டும். அதை வெட்டி விற்கும் காசு வேலிக்குச் சொந்தமானவருக்குப் போகட்டும். நீர் பாயும் நிலத்தில் வண்டிக்காகக் கரும்பு வேண்டாம், சோளத்தில் கைவைக்கவே வேண்டாம். தோட்டத்தில் எரிபொருள் மரம் நடுவதென்றால் முதலில் லயத்துப் பெண்களைக் கூப்பிட்டு எந்த மலையில் மாடு மேய்கிறது, எந்த ஊற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று கேட்டு, அவற்றை விட்டுவிட்டு நட வேண்டும். கவ்வாத்து மிலாறு அவர்களுக்கென்று எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் இருந்ததால்தான் அது லொறியில் ஏறியது.

இதைப் படித்துவிட்டு வாப்பா, "அப்ப நான் திரும்பவும் வரிசையில நிக்கவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாப்பாவின் ஓட்டோவை ஓட்ட வேறு என்ன வழி என்று அடுத்த தவணை விவாதத்துக்குத் தலைப்புக் கொடுக்கும்படி ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன்.